நீல வாளித் தண்ணீர்

தூத்துக்குடி
பிப்ரவரி 2, 2025

அத்தானுக்கு,

ஜேசுதாசன் அண்ணனின் காலை எடுத்தது டாக்டர் இல்லை. நீங்கள்தான்.

முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் விட்டு எடுத்திருக்கிறார்கள். போன திங்கள்கிழமை நடந்தது. அவரை வார்டில் பார்த்துவிட்டு வந்து, உங்களைத் திட்டுவதற்காக நான்கு தடவை போனை எடுத்தேன். பேசினால் நடுவில் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். கல்யாணமான மூன்று வருஷத்தில் ஒரு சண்டையைக்கூட நான் முழுசாகப் போட்டு முடித்ததில்லை. அதனால் உங்கள் எண்ணை பிளாக் செய்துவிட்டேன். தபாலில் எழுதினால் என் பேச்சை நீங்கள் வெட்ட முடியாது.

சங்கு குளிக்க முங்கிய இடத்தில், கடலடிப் பாறையில் அண்ணனின் பாதம் கிழிந்தது ஜனவரி நான்காம் தேதி. அந்தக் காலோடு இன்னும் ஒன்பது நாள் கடலுக்குப் போயிருக்கிறார். ஒன்பது நாளும் காலையில் உங்கள் மெடிக்கலுக்கு வந்து ‘கடல் செட்’ வாங்கியிருக்கிறார். நீங்கள் கையால் மடித்துக் கண்ணாடி ஜாடியில் போட்டு வைக்கும் அந்தக் காகிதப் பொட்டலம். ஆன்டிபயாட்டிக் கேப்சூல் இரண்டு, வலிக்கு ஒன்று, வயிறு எரியாமலிருக்க ஒன்று. சீட்டு எழுதிய டாக்டர் யாருமில்லை. எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று சொன்னவரும் யாருமில்லை.

“ஒண்ணை முழுங்குவேன் தங்கச்சி. இன்னொண்ணை ஒடச்சி, பொடியைப் புண்ணுல தூவித் துணியைச் சுத்துவேன். நம்மூர்ல எல்லாரும் அப்பிடித்தான செய்யுதாங்க?” என்று என்னிடமே கேட்கிறார்.

அவர் காலிலிருந்து எடுத்த சீழ் எங்கள் ஆஸ்பத்திரியின் கிருமிப் பரிசோதனைக் கூடத்தில் என் மேசைக்குத்தான் வந்தது. அதில் வளர்ந்த கிருமி, எங்களிடம் இருக்கும் மருந்துகளில் ஒன்றைத் தவிர எதற்கும் சாகவில்லை. அந்த ஒன்றும் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. சர்க்கரை வேறு இருந்திருக்கிறது, அவருக்கே தெரியாமல். எலும்புவரை போய்விட்டது. வேறு வழியில்லை.

தினம் இரண்டு கேப்சூல். கிருமியைக் கொல்ல அது போதாது. மருந்து இப்படித்தான் இருக்கும் என்று கிருமிக்குக் காட்டிக்கொடுக்கப் போதும்.

கடல் செட்டை நிறுத்தும்வரை நான் கீழவைப்பாருக்கு வரமாட்டேன். சனி ஞாயிறும் விடுதியில்தான் இருப்பேன். உங்கள் கட்டம் போட்ட சட்டை ஒன்று என் பையோடு வந்துவிட்டது. அதை அனுப்பமாட்டேன்.

பானுப்ரியா


கீழவைப்பார்
பிப்ரவரி 10, 2025

பானுவுக்கு,

தபால்காரர் உன் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அண்ணாச்சி, கையால எழுதின லெட்டரக் குடுத்து வருசக்கணக்காச்சி. எதும் கேசா?” என்றார். ஆமாம் என்றேன்.

நேற்று விடுதிக்கு வந்தேன். வார்டன் அம்மா கேட்டைத் தாண்ட விடவில்லை. உன் அறைத்தோழி மர்வாதான் இறங்கி வந்தாள். “பானு தூங்குது” என்று சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது பகல் பன்னிரண்டு மணி. நான் கொண்டுவந்த சீலாக் கருவாட்டை அவளிடம் கொடுத்துவிட்டு, எதிரே ஒரு டீ குடித்தேன். மாடி ஜன்னலில் என் கட்டம் போட்ட சட்டை நின்று என்னைப் பார்த்தது. அதற்குள் ஆள் இருந்ததா என்று தெரியவில்லை.

சரி, கேசுக்கு வருகிறேன்.

ஜேசுதாசன் அண்ணன் முதல் நாள் வந்தபோது காலைப் பார்த்தேன். “இது தையல் போடுற காயம், டாக்டர்ட்ட போங்கண்ணே” என்றேன். “போறம்லே. சீசன் முடியட்டும். இப்ப ரெண்டக் குடு. ஒண்ணு வயித்துக்கு, ஒண்ணு காலுக்கு” என்றார். நான் கொடுக்காவிட்டால் என்ன செய்திருப்பார் என்று உனக்குத் தெரியுமா? வேறு கடையில் வாங்கியிருப்பார். இல்லையென்றால் வெறும் துணியைச் சுற்றிக்கொண்டு முங்கியிருப்பார். டாக்டரைப் பார்க்கப் போனால் ஒரு நாள் போய்விடும். ஒரு நாள் வரவில்லையென்றால் தோணியில் அவர் இடத்தில் வேறு ஆள் ஏறிவிடுவான். இதெல்லாம் உன் மைக்ராஸ்கோப்பில் தெரியாது.

நான் பார்மசி படித்தவன். முழு கோர்ஸ் என்றால் என்ன என்று தெரிந்தவன். கடை போட்ட முதல் வருஷம் முழு அட்டையையும் கொடுத்தேன். இரண்டு நாளில் வலி நின்றதும் மிச்சத்தை அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுத்தார்கள், பல் வலிக்கு. கடலுக்குப் போகிறவர்கள் பாவம், இதாவது செய்வோம் என்றுதான் பொட்டலம் மடிக்க ஆரம்பித்தேன்.

ஆனாலும் உன் முதல் வரியை எங்கே போனாலும் கூடவே தூக்கிக்கொண்டு அலைகிறேன். காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போது ஜாடியைப் பார்க்கிறேன். நேற்றைக்கு எட்டுப் பொட்டலம் கொடுத்தேன். கை கூசியது. கொடுத்தேன்.

என்ன செய்யச் சொல்கிறாய்? நிறுத்து என்று மட்டும் சொல்லாதே. நிறுத்திவிட்டு, காயத்தோடு வருகிறவனுக்கு என்ன கொடுப்பது என்று சொல்.

லிங்கராஜ்


தூத்துக்குடி
பிப்ரவரி 13, 2025

அத்தானுக்கு,

கருவாடு வந்தது. மூன்று மாடியும் மணக்கிறது. வார்டன் என்னை எச்சரித்தார், பிறகு இரண்டு துண்டு கேட்டார்.

சட்டைக்குள் ஆள் இருந்தது.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்கு முன்னால், நான் தினமும் பார்ப்பதை ஒரு தடவை நீங்களும் பார்க்க வேண்டும்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டு. அதில் தெளிந்த ஜெல்லி. இந்தக் கரையில் பெண்கள் முங்கிப் பறிக்கிறார்களே கடல்பாசி, ஜேசுதாசன் அண்ணன் வீட்டு பெனிஷா அக்காவும் போவாரே, அந்த மாதிரிப் பாசியிலிருந்துதான் இந்த ஜெல்லியைச் செய்கிறார்கள். சீழிலிருந்து பிரித்த கிருமியை அதன்மேல் தடவி, மருந்தில் நனைத்த சின்னச் சின்னக் காகித வட்டுகளை வைப்போம். மறுநாள் பார்த்தால் தட்டு முழுக்கக் கிருமி படர்ந்திருக்கும். எந்த மருந்து வேலை செய்கிறதோ அந்த வட்டைச் சுற்றி மட்டும் ஒன்றும் முளைக்காமல் வெறுமையாக ஒரு வட்டம் இருக்கும். நான் அளவுகோலை வைத்து அந்த வெறுமையைத்தான் அளக்கிறேன். வட்டம் பெரியதாக இருந்தால் நோயாளி பிழைப்பார். ஜேசுதாசன் அண்ணன் தட்டில், அந்த ஒரு மருந்தைத் தவிர வேறு எதைச் சுற்றியும் வட்டமே இல்லை. காகிதத்தின் விளிம்புவரை பச்சையாக ஏறி நின்றது.

ஒரு காலத்தில் டாக்டர்கள் பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்கப் போனார்கள். தாய்மார்கள் காய்ச்சலில் வரிசையாகச் செத்தார்கள். கெட்ட காற்று என்றார்கள். அந்தப் பெண்களின் உடம்பையே குறை சொன்னார்கள். கையைக் கழுவுங்கள் என்று சொன்னவரைப் பைத்தியம் ஆக்கினார்கள். நோயைத் தருவது கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர், அது கையிலும் கத்தியிலும் தண்ணீரிலும் ஏறி வரும் என்று நிரூபணமான பிறகுதான் வைத்தியம் வைத்தியம் ஆனது. வயிற்றைத் திறந்து மூடுவது, நின்ற இதயத்தைத் தொடுவது, குறைமாதக் குழந்தையைக் காப்பாற்றுவது எல்லாம் அந்த ஒரு உண்மையின்மேல்தான் நிற்கிறது. நீங்கள் விற்கும் ஒவ்வொரு கேப்சூலும்கூட. அதை நாம் இரண்டிரண்டாக உடைத்துப் புண்ணில் தூவித் தீர்த்துக்கொண்டிருக்கிறோம்.

நாம் என்றுதான் எழுதினேன். கல்யாணமான முதல் மாதம் கடை மேசையில் உங்களோடு உட்கார்ந்து நானும் பொட்டலம் மடித்தேன். ஓரம் பிரியாமல் மடிக்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அதை உங்களைத் திட்டும்போது வசதியாக மறந்துவிட்டேன்.

இனி காயத்தோடு வருகிறவருக்குக் கொடுக்க வேண்டியது இது. கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவுங்கள். சுத்தமான துணியால் கட்டுங்கள். டி.டி. ஊசி போட அனுப்புங்கள். சீழ் இருந்தால் ஸ்வாப் எடுத்து எனக்கு அனுப்புங்கள். நுனியில் பஞ்சு சுற்றிய குச்சி, குழாயோடு இருபது எண்ணம், ஐஸ் பெட்டி ஒன்று, காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். பெரிய டாக்டரிடம் கேட்டு அனுமதி வாங்கிவிட்டேன். ரிப்போர்ட்டைப் பார்த்து அவர் சீட்டு எழுதுவார், போனில் படம் வரும். அந்த ஆள் ஒரு நாளை இழக்க வேண்டாம்.

கடிதத்தைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். தனிக் கவர். தெரியும் எனக்கு, வைப்பீர்கள்.

பானு


கீழவைப்பார்
பிப்ரவரி 18, 2025

பானுவுக்கு,

கவர் பெட்டிக்கு வெளியே, கண்டக்டரின் சட்டைப் பையில் வருகிறது. அவர் சட்டைப் பைக்கு நான் பொறுப்பில்லை.

ஜாடி காலி. சனிக்கிழமை காலை ஏழு பேர் வந்து நின்றார்கள். “செட்டு இல்லியா? அப்போ மெடிக்கலு எதுக்கு, பூட்டிட்டுப் போவும்” என்றார் ஒருவர். மறுநாள் இரண்டு பேர்தான் காயத்தைக் காட்டினார்கள். கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு ஸ்வாப் எடுத்தேன். தெருவே கூடிவிட்டது. “லிங்கராசு ஆபரேசன் பண்ணுதாம்ல” என்று ஓர் ஆள் உள்ளே எட்டிப் பார்த்துக் கத்தினான். குச்சி புண்ணில் பட்டதும் நோயாளியைவிட நான்தான் முதலில் முகத்தைச் சுளித்தேன். அந்த இரண்டும் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. நீ சொன்னபடி பெயர், தேதி, நேரம் ஒட்டியிருக்கிறேன்.

நேற்று பெனிஷா மதினி வந்தார்கள். அண்ணனை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்களாம், கட்டு மாற்றப் பஞ்சு கேட்டார்கள். எடுத்துக் கொடுத்தேன். போகவில்லை. கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு கேட்டார்கள்.

“தம்பி, மொத நாளு நான் கடத்தண்ணிய ஊத்தித்தான் கழுவுனேன். அதுலதான் அவுக காலு போச்சோ?”

பானு, அந்த அம்மா மூன்று வாரமாக இதை மனதுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், பொம்பளை ஒழுங்காகக் கழுவியிருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று. பாசிக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்களாம்.

நான் சொல்லிவிட்டேன். “இல்ல மதினி. நான் குடுத்த மாத்திரைதான் காரணம். பானு டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டா.”

திட்டுவார்கள் என்று நினைத்தேன். பஞ்சை எடுத்துக்கொண்டு படி இறங்கினார்கள். பிறகு திரும்பி, “ஆனா தம்பி, கொண்டு சேத்த அன்னைக்கி காலை எடுக்கணும்னு டாக்டர் சொல்லலியே. ஒரு வாரத்துல வீட்டுக்குப் போயிரலாம்னுதான சொன்னாரு. ஆறாம் நாளுதான் கட்டு பச்சையாச்சி” என்றார்கள்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இன்று கடைக்கு வந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் சில்லறை மாற்ற வந்தவர். பரவாயில்லை. சொன்னது சரி என்றுதான் நினைக்கிறேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

லிங்கராஜ்


தூத்துக்குடி
பிப்ரவரி 24, 2025

அத்தான்,

உங்கள்மேல் நான் போட்ட பழி தப்பு. முதலில் அதை எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் கை நின்றுவிடும்.

பெனிஷா அக்கா சொன்ன ஆறாம் நாள் என்னை உலுக்கியது. ஜனவரி பதினான்காம் தேதி, அவரைச் சேர்த்த மறுநாளே, ஒரு ஸ்வாப் எடுத்திருக்கிறார்கள். அன்று பொங்கல். நான் லீவில் நம் வீட்டில் பானைக்கு மஞ்சள் கட்டிக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்க்கிறவர் அதைப் பரிசோதித்துப் பதிவேட்டில் எழுதியிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது என் மேசையில் இருந்தது இருபதாம் தேதியின் இரண்டாவது ஸ்வாப். அதை மட்டும் பார்த்தேன். என் கோபத்துக்கு ஒரு ரிப்போர்ட் போதுமாக இருந்தது.

முதல் ஸ்வாப்பில் இருந்தது தோலில் சாதாரணமாக இருக்கும் கிருமி. எல்லா மருந்துக்கும் சாகிற கிருமி. உங்கள் பொட்டலத்தால் அவர் ஒன்பது நாள் தாமதமாக வந்தார், அது உண்மை, அதை நான் அழிக்கமாட்டேன். ஆனால் வரும்போது அவர் காலைக் காப்பாற்றியிருக்கலாம். டாக்டர் சொன்னதுபோல ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்திருக்கலாம். பச்சைக் கிருமி அவரோடு கடலிலிருந்து வரவில்லை. அது எங்கள் வார்டில் அவருக்காகக் காத்திருந்தது.

பதிவேட்டைப் பின்னால் புரட்டினேன். டிசம்பரிலிருந்து அதே வார்டில் இன்னும் நான்கு பேர். அதே கிருமி, அதே மருந்துகளுக்குச் சாகாதது. ஒருவர் உயிரோடு இல்லை.

மர்வா அந்த வார்டு நர்ஸ். கை கழுவுகிறீர்களா இல்லையா என்று நேராகவே கேட்டுவிட்டேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

“வல்லாஹி, சத்தியமா, கை கழுவாம ஒரு கட்டையும் நாங்க பிரிச்சதில்ல பானு. வந்து பாரு.”

போய்ப் பார்த்தேன். கை கழுவும் தொட்டி இருக்கிறது, அதன்மேல் கையை எப்படித் தேய்ப்பது என்று ஆறு படங்கள் போட்ட போஸ்டர் இருக்கிறது, குழாய் இருக்கிறது. நவம்பரிலிருந்து அதில் தண்ணீர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வரும் தண்ணீர் குறைந்ததும் ஆபரேஷன் தியேட்டருக்கும் மேல்மாடி ஏசி அறைகளுக்கும் விட்டுவிட்டு, காப்பீட்டு அட்டையோடு வருகிறவர்களின் பொது வார்டுக் குழாயை மூடிவிட்டார்கள். தொட்டிக்குக் கீழே ஒரு நீல வாளி. காலையில் ஒருவர் லாரித் தண்ணீரை நிரப்புவார். எல்லோரும் ஒரே கப்பால் மொண்டு கழுவுகிறார்கள். குறைந்தால் அதன்மேலேயே ஊற்றுகிறார்கள். வாளியைக் காலி செய்து தேய்த்த நாள் யாருக்கும் ஞாபகமில்லை. ஸ்பிரிட் பாட்டில் வாரத்துக்கு ஒன்று வரும், இரண்டு நாளில் தீர்ந்துவிடும்.

வாளியின் உள்பக்கம் விரலுக்கு வழுக்கியது. ஸ்வாப் எடுத்தேன். மறுநாள் தட்டில் அதே பச்சை, அந்த ஒரு மருந்தைத் தவிர எதைச் சுற்றியும் வட்டமில்லாமல். அவர்கள் கழுவித்தான் வந்தார்கள் அத்தான். ஒவ்வொரு கட்டுக்கும் முன்னால் ஒழுங்காக, அந்தக் கிருமியில் கையை நனைத்துக்கொண்டு வந்தார்கள்.

நிர்வாக அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் அறை வாசலில், ரோபோ வைத்து ஆபரேஷன் செய்யும் இயந்திரம் வரப்போவதாகப் பெரிய பேனர். “பக்கெட்டுக்கு கல்ச்சர் டெஸ்ட் போடச் சொல்லி யாரும்மா எழுதிக்குடுத்தா? பக்கெட்டு பேஷண்டா?” என்றார். ரிப்போர்ட்டை வாங்கி மேசைக்குள் போட்டுக்கொண்டார். என் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது என்று நான் கேட்காமலே ஞாபகப்படுத்தினார்.

இரண்டு வாரம் பொறுங்கள். அவர் ஏதாவது செய்கிறாரா என்று பார்க்கலாம். அதுவரை ஜேசுதாசன் அண்ணன் வீட்டில் எதுவும் சொல்லாதீர்கள்.

என்னை மன்னித்துவிடுங்கள். இதை நேரில் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

பானு


கீழவைப்பார்
பிப்ரவரி 28, 2025

பானுவுக்கு,

மன்னிப்பதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். என்னைக் குற்றவாளி என்று நினைத்தபோது நீ ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லை. முதல் வரியிலேயே எழுதினாய். எனக்கு அது பிடித்திருந்தது. இப்போது ஆஸ்பத்திரி என்றதும் இரண்டு வாரமா?

நான் மடித்த பொட்டலத்துக்கு நான் பதில் சொல்லிவிட்டேன். கடைக்கு ஆள் வரவில்லை, அதையும் தாங்கிக்கொள்கிறேன், ஏனென்றால் ஒன்பது நாள் என்னுடையது. அதை நீ திருப்பித் தந்தாலும் வாங்கமாட்டேன். ஆனால் அந்த வாளி என்னுடையது இல்லை. பெனிஷா மதினியுடையதும் இல்லை.

நேற்று ஜேசுதாசன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், “வாலே டாக்டரு. இப்ப ஒரு காலுக்குத்தான் செருப்பு, மத்ததை நீ எடுத்துக்க” என்றார். சிரித்தார். உள்ளே அடுப்படியில் மதினி அரிசியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. “பாத்தியா, இப்ப எதைக் கழுவுனாலும் இப்பிடித்தான்” என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார். நீ கேட்டுக்கொண்டதால் நான் வாயைத் திறக்கவில்லை. இதுவரை எனக்காக நீ எதையும் மறைத்ததில்லை, உனக்காக நான் மறைத்தேன்.

உன் வேலை போய்விடும் என்று பயமா? எனக்கும் பயம்தான். ஆனால் நீ தட்டைப் பார்த்துப் பொய் சொல்லத் தெரியாதவள். அந்தக் கண்ணுக்காகத்தான் உன்னைக் கட்டினேன், சமையலுக்காக இல்லை என்பது உனக்கே தெரியும்.

நான் அனுப்பிய இரண்டு ஸ்வாப்பில் ஒருவருக்கு ஆன்டிபயாட்டிக்கே தேவையில்லை என்று எழுதியிருந்தாய். கழுவிக் கட்டினாலே போதும் என்று. ஐந்தே நாளில் புண் மூடிவிட்டது. அவர் கடைக்கு வந்து எல்லோருக்கும் காலைத் தூக்கிக் காட்டுகிறார். இப்போது காலையில் நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள், மாத்திரைக்காக இல்லை, கழுவிக் கட்ட. குச்சி தீர்ந்துவிட்டது, அனுப்பு.

அந்த ரிப்போர்ட்டும் தட்டும் யாருடையது? அண்ணனின் காலிலிருந்து எடுத்தது. அவர் காலை அவரிடம் கொடு.

லிங்கராஜ்


தூத்துக்குடி
மார்ச் 6, 2025

அத்தானுக்கு,

கொடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை தையல் பிரிக்க வந்தார்கள். இரண்டு ரிப்போர்ட்டிலும் முத்திரை வைத்து வாங்கினேன். அது நோயாளியின் உரிமை, கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். கேட்கலாம் என்று யாரும் சொல்லாததால் யாரும் கேட்பதில்லை. மரத்தடியில் பெஞ்சில் உட்காரவைத்து, தேதியைத் தொட்டுக்காட்டி இரண்டையும் வாசித்துச் சொன்னேன். அத்தான் கொடுத்த மாத்திரையால் தாமதமானது, கால் போனது இங்கே, வார்டு வாளியில் என்றேன்.

பெனிஷா அக்கா முதல் ரிப்போர்ட்டை மட்டும் திரும்பத் திரும்பத் தடவினார்கள். “அப்போ நான் கழுவுனது…” என்றார்கள்.

“நீங்க கழுவுனதுல ஒண்ணும் கெட்டுப்போகல அக்கா” என்றேன்.

அழவில்லை. முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தார்கள். அவ்வளவுதான்.

ஜேசுதாசன் அண்ணன் ரிப்போர்ட்டை அக்கா கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். பிறகு கேட்டார். “தங்கச்சி, அப்போ எங்காலு தண்ணியில்லாமப் போச்சின்னுதான சொல்லுத?”

“ஆமாண்ணே.”

“பத்து வயசுலருந்து தண்ணிக்குள்ள கெடந்தவன் நான். எங்காலு தண்ணியில்லாமப் போச்சின்னு எவன்ட்டயாவது சொன்னா நம்புவானா?” அவர் சிரித்தபோது அக்காவும் சிரித்துவிட்டார்கள். நான்தான் அழுதேன்.

பிறகு அவர் ஊன்றுகோலைத் தரையில் தட்டினார். “எழுதுளா. நான் கையெழுத்துப் போடுதேன். எனக்கு இனி காலு முளைக்கப் போவுதில்ல. இப்ப அந்தக் கட்டில்ல எவனோ ஒருத்தன் படுத்திருப்பாம்லா.”

படுத்திருக்கிறார். உப்பளத் தொழிலாளி. மர்வா இப்போது தன் பையில் விடுதியில் கொதிக்கவைத்த தண்ணீரை இரண்டு பாட்டிலில் கொண்டுபோகிறாள், அவர் கட்டை மாற்றுவதற்கு முன்னால் கை கழுவ. ஒரு நர்ஸ் பாட்டிலில் தண்ணீர் சுமந்து ஒரு மனிதனின் காலைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. மாடியில் ரோபோவுக்கு அறை கட்டுகிறார்கள், அந்தச் சிமெண்டுக்குத் தண்ணீர் தாராளமாக வருகிறது.

மனு இத்துடன் இருக்கிறது. அண்ணன், அக்கா, மர்வா, நான். ஐந்தாவது இடம் உங்களுக்கு. வாசித்துவிட்டுப் போடுங்கள்.

சனிக்கிழமை மாலை பஸ்ஸில் வருகிறேன். சட்டையும் வரும். பிளாக்கை இன்னும் எடுக்கவில்லை. கடிதம் எழுதும்போது நீங்கள் கொஞ்சம் நல்லவராக இருக்கிறீர்கள், அதை இழக்க மனமில்லை.

பானு


கீழவைப்பார்
மார்ச் 14, 2025

பானுவுக்கு,

நீ வந்துவிட்டுப் போன பிறகு வீடு இரண்டு நாள் ஸ்பிரிட் வாசனை அடித்தது. அடுப்படிக் கத்தியைக்கூட விடவில்லை நீ.

மனுவை நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அண்ணன் கூட வந்தார். பஸ்ஸில் எல்லோரும் எழுந்து இடம் கொடுத்தார்கள், அது அவருக்குப் பிடிக்கவில்லை. வரவேற்பில் இருந்த பெண் வாங்கிப் பார்த்துவிட்டு, “பில் சம்பந்தமா சார்?” என்றாள். தண்ணீர் சம்பந்தமாக என்றேன். குடிதண்ணீர் வலது பக்கம் என்று கையைக் காட்டினாள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்டேன். முத்திரை வைத்திருப்பவர் லீவு. அண்ணன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று மணி நேரம் கழித்து முத்திரை லீவிலிருந்து வந்தது.

போகும் வழியில் வார்டை எட்டிப் பார்த்தேன். வாளி இல்லை. நான் சந்தோஷப்பட்டுவிட்டேன். அதே இடத்தில் சிவப்பாகப் புது வாளி ஒன்று இருந்தது. கப் பழையதுதான்.

உப்பளத்துக்காரர் நேற்று எழுந்து நடந்தார் என்று மர்வா சொன்னாள். அதையும் எழுதி வை. கணக்கில் அதுவும் வர வேண்டும்.

லிங்கராஜ்


தூத்துக்குடி
மார்ச் 31, 2025

அத்தான்,

இன்று என் கடைசி நாள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, காரணம் எழுதவில்லை. தட்டுகளை அழுத்தக் கலனில் வேகவைத்துக் கொட்டிவிட்டு, மேசையைத் துடைத்துவிட்டு வந்தேன். பெரிய டாக்டர், யாரும் பார்க்காத நேரத்தில், ஸ்வாப் குச்சி ஒரு பெட்டி கொடுத்தார். பரிசோதனைக்கு அவர் பெயரில் தொடர்ந்து அனுப்பச் சொன்னார். பேசும் தைரியம் அவருக்கு அந்த அளவுக்குத்தான். வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து உங்கள் கடையில் புண் கழுவுகிற வேலை எனக்கு. காலி ஜாடியைக் கழுவி வைத்திருங்கள், குச்சியைப் போட. வீட்டில் எனக்குக் கடிதம் எழுத முடியாது என்று வருத்தப்பட வேண்டாம். சண்டை போட்டால் மாடிக்கும் கீழுக்குமாக எழுதலாம்.

மனுவுக்குப் பதில் வரவில்லை. இரண்டாவது பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்ட அட்டை மட்டும் திரும்பி வந்தது. மூன்றாவது இத்துடன். இதைக் கீழவைப்பார் தபால் முத்திரையோடு நீங்கள் அனுப்புங்கள். பழையதில் வாளி, ரிப்போர்ட், பெயர், நியாயம் என்று நான்கு பக்கம் இருந்தது. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். இப்போது இவ்வளவுதான்:

ஆண்கள் அறுவைச் சிகிச்சைப் பொது வார்டில், கை கழுவும் குழாயில், எந்தத் தேதியிலிருந்து தண்ணீர் வரும்? தேதியை எழுத்தில் தாருங்கள்.